ஒரே இரவில் தீர்ப்பு எழுதாதே!

முடியாது என்கிறாயா?

எத்தனை முறை முயன்றாய்? ஒரு முறை? இரண்டு முறை? அதற்குள் 'எனக்குத் திறமை இல்லை' என்று முடிவு கட்டிவிட்டாயா?

புலிக் கணக்கெடுப்பவர்களிடம் போய் இதைச் சொல். சிரிப்பார்கள்!

2018 கணக்கெடுப்புக்காக நம் நாட்டுக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கி கேமரா கட்டினார்கள். விழுந்த படங்கள் சுமார் மூன்றரைக் கோடி. அவற்றில் புலி இருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 76,651!

ஏறத்தாழ 455 படத்துக்கு ஒன்று! நீயாக இருந்தால் பத்தாவது படத்திலேயே கேமராவைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாய். இல்லையா?

ஒரு கேள்வி. ஒரு புலி ஓர் இரவில் கேமராவில் சிக்க நூற்றுக்குப் பத்துதான் வாய்ப்பு என்று வை. காலையில் போய்ப் பார்க்கிறாய். புலி இல்லை. காட்டிலேயே புலி இல்லை என்பாயா?

முட்டாள்தனம்! அந்த ஓர் இரவில் அது தப்பிப்போக நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. ஆனால் கேமராவை எடுக்காதே. முப்பது இரவு அங்கேயே விடு. முப்பது இரவும் அது தப்பிப்போக நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான்!

புலி மாறவில்லை. காடு மாறவில்லை. கேமராவும் மாறவில்லை. நீ விடாமல் நின்றாய். அவ்வளவுதான்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? குளத்துக்கு வா.

வலை வீசு. 50 மீன் பிடி. அடையாளமிட்டு மறுபடி தண்ணீரில் விடு. சில நாள் கழித்துத் திரும்ப வீசு. 40 சிக்குகிறது. அதில் 10 மீனில் உன் அடையாளம். நாலில் ஒன்று! அப்படியானால் நீ அடையாளமிட்ட 50 மீனும் குளத்தில் நாலில் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 200.

மீன்களை அடையாளமிட்டு விடும் இந்த வழியை டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 1896-லேயே எழுதிவைத்துவிட்டார்.

முதல் வலையோடு கரையேறியவனுக்கு என்ன தெரியும்? ஐம்பது மீன் தெரியும். குளம் தெரியாது. குளத்தின் அளவைச் சொன்னது இரண்டாம் வலை!

உன் அளவையும் அதுதான் சொல்லும். முதல் தேர்வோடு கரையேறிவிட்டு, உன் ஆழம் இவ்வளவுதான் என்று எப்படிச் சொல்கிறாய்?

ஒன்று கவனி. மீனில் இட்ட அடையாளம் உதிர்ந்துபோனால் கணக்கே பாழ். தோற்றாயா? எங்கே தோற்றாய் என்று எழுதிவை! பாடத்தை உதிர்த்துவிட்டு மறுபடி வீசினால் அது மறுமுயற்சி இல்லை, மறதி!

எண்ணிப் பார்த்தால் குறைவாக வந்துவிடுமோ என்று பயமா?

வரட்டுமே! காலடித் தடத்தைப் பார்த்து எண்ணிய காலத்தில், 2002-ல் நாட்டில் 3,642 புலிகள் என்றார்கள். பெருமையாக இருந்தது. புதிய முறையில் எண்ணினார்கள். 2006 கணக்கெடுப்பு சொன்னது 1,411!

நாடே அதிர்ந்தது. ஆனால் அந்த எண்ணை ஒளித்துவைக்கவில்லை. அதன்மேல் காலூன்றி நின்றார்கள். 2018-ல் 2,967!

அந்த 2,967-ல் கேமராவில் பதிவானவை 2,461. மீதி ஐந்நூறு சொச்சம்? படத்தில் விழாதவை. கணக்குப் போட்டுச் சேர்த்தார்கள். கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று தள்ளிவிடவில்லை.

நீ மட்டும் ஏன் உன்னைத் தள்ளுகிறாய்?

"இல்லை, முழுதாகத் தேடிவிட்டேன். என்னிடம் உண்மையிலேயே ஒன்றுமில்லை" என்கிறாயா? சரி. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டைக் கேள்!

அங்கே 2005-ல் தேடினார்கள். ஒரு புலிகூட இல்லை. வேட்டைக் கும்பல் துடைத்துவிட்டிருந்தது. உண்மையான பூஜ்யம்! அழுதுகொண்டு உட்கார்ந்தார்களா? 2008-ல் ரந்தம்போர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அந்தக் காட்டில் குட்டிகள் பிறந்தன!

பூஜ்யத்திலிருந்தே ஒரு காடு எழுந்தது. உனக்கு என்ன குறை?

அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத்தை இன்றே எடு. போன முறை எங்கே சறுக்கினாய் என்று தனித் தாளில் எழுது. விண்ணப்பத்தை நிரப்பு. அனுப்பு!

தேடி முடிக்கும்வரை "இல்லை" என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை!