அம்மா பெயரில் ஒரு ஆல்பம்

ஒரகடம் கூட்டு ரோட்டில் விடிகாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக கம்பெனி பஸ்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் இளம்பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் டப்பா.

டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெண்ணின் காதில் இயர்போன். தலை லேசாக ஆடியது.

‘‘என்ன பாட்டும்மா?’’

‘‘ராப் சார். எம்.ஐ.ஏ.ன்னு... இலங்கைத் தமிழ்ப் பொண்ணு. பழைய ஆல்பம்தான்.’’

எனக்கு ஆச்சரியம். மாயா அருள்பிரகாசத்தை எனக்கும் பிடிக்கும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, பத்து வயசு வாக்கில் அகதியாக மறுபடி லண்டன் போனவர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் ‘அருளர்’. அது ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் அப்பாவின் இயக்கப் பெயர். முழுக்கக் கோபம், துப்பாக்கி, அரசியல்.

அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில் செய்ய நினைத்தார். விசா சிக்கல். சரி, போங்கடா என்று ஊர் ஊராகப் போனார். சென்னைக்கும் வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டார். 2007-ல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘கலா’. அம்மாவின் பெயர்! லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அப்பாவின் போராட்டத்திலிருந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அம்மாவின் போராட்டத்துக்கு மகள் வந்து சேர இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரு கலைஞர் ‘வளர்ந்துவிட்டார்’ என்றால் என்ன அர்த்தம்? இன்னும் பெரிய மேடையா, இன்னும் பெரிய சத்தமா? நான் நினைக்கிறேன்... இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாத ஆளைப் பார்க்க ஆரம்பிப்பதுதான் வளர்ச்சி. அப்பாவின் அரசியல் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது, எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் யார் வரலாறு எழுதுவது?

இந்தப் பஸ்களும் அப்படித்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் நமக்கெல்லாம் தெரிந்தது, ஐபோனை ஒன்று சேர்க்கிற கைகள் எங்கே தூங்குகின்றன, என்ன சாப்பிடுகின்றன என்று. பிறகு, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க ஒரு விடுதியே திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால், பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் ரோட்டுக்கு வர வேண்டியிருந்ததே?

பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கடைசியாகக் கேட்டேன்: ‘‘இந்த ஆல்பம் ஏன் பிடிக்குது?’’

‘‘எங்க அப்பா பேசுற கட்சிக் கதை ஊருக்கே தெரியும் சார். எங்கம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கும்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.’’

ஏறிப் போய்விட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. என் அப்பாவைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி?

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.