மிச்சம் பிடித்தது யார் பங்கிலிருந்து?

நோன்பு மாதம் வந்துவிட்டால், அஸர் தொழுகைக்குப் பின் நம் இல்லங்களின் அடுப்பங்கரையில் ஒரு கணக்கும் தொடங்கிவிடுகிறது. கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வந்துவிடும். பேரீச்சம்பழம் டப்பாவில் இருக்கும். குடிப்பதற்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பகலெல்லாம் நாவறண்டிருந்த பிள்ளைகள் பழச்சாறு கேட்கின்றனர். ஆறு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கொரு குவளை என்றால் முப்பது நாளைக்கு 180 குவளைகள். குவளை 40 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 7,200 ரூபாய்! மாதச் சம்பளக்காரர் எவரும் திகைக்கத்தான் செய்வார்.

ஆகவே சிக்கனம் பார்க்கிறோம். அது நல்லதே. ஆனால் சிக்கனம் எங்கே முடிகிறது, கஞ்சத்தனம் எங்கே தொடங்குகிறது?

ரஹ்மானின் நல்லடியார்கள் செலவு செய்யும்போது வரம்பு மீறவும் மாட்டார்கள், கையை இறுக்கிக் கொள்ளவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்று அருள்மறையின் 'அல்ஃபுர்கான்' அத்தியாயம் 67ஆம் வசனம் உணர்த்துகிறது. நடுநிலை என்று சொல்வது எளிது. அதைக் குவளையில் அளந்து பார்ப்பது எப்படி? நமக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான். மிச்சம் பிடித்த காசு யாருடைய பங்கிலிருந்து வந்தது?

வீண்விரயத்திலிருந்தும் பகட்டிலிருந்தும் வந்திருந்தால் அது தூய சிக்கனம். மஃரிபு பாங்கு சொன்னதும் ஆசையாக வாங்கி, பாதி குடித்து, மீதியைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அட்டைப் பெட்டியில் வரும் பானத்தைக் கௌரவத்திற்காக அடுக்கி வைப்பதும் உண்டு. அப்பெட்டிகளில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போட்டுக் கொள்வதை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ஆம் ஆண்டு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் எலுமிச்சையும் நன்னாரியும் தர்ப்பூசணியும் வாங்கினால் வீடே வயிறு குளிரும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துப் பானம் எது? பேரீச்சம்பழத்தை அல்லது உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊற வைத்த இனிப்பு நீர். காலையில் ஊறப் போட்டதை இரவிலும், இரவில் ஊறப் போட்டதைக் காலையிலும் பெருமானார் அருந்துவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிம் நூலில் காணப்படுகிறது. நாள் கடந்து புளித்துப் போதை ஏறினால் அது ஹராமாகிவிடும். எனவே 'வீணாகிறதே' என்று அதை வைத்துக் கொள்ளக் கூடாது. மிச்சப்படுத்துவதற்கும் மார்க்கம் எல்லை வகுத்திருக்கிறது.

மனைவி மக்களின் பங்கிலிருந்து மிச்சம் பிடிப்பது வேறு கதை. கடைத்தெருவில் நண்பர்களோடு நின்று பெரிய குவளையில் மாதுளைச் சாறு பருகும் ஒருவர், வீட்டுக்கு வந்து, "ஒரு நாளைக்கு எத்தனை எலுமிச்சம்பழம்?" என்று கேட்கிறார். இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? உத்பாவின் மகளார் ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூசுஃப்யான் (ரலி) தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு தருவதில்லை என்று நாயகத்திடம் முறையிட்டார்கள். உனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள் என்று அனுமதி கிடைத்தது. குடும்பத்தின் பங்கு கணவன் போடும் தர்மமல்ல, அது அவர்களுக்குரிய ஹக்கு என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

"பழச்சாறு என்ன கட்டாயமா? தண்ணீர் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதும்தான். பழத்தைக் கடித்துத் தின்பதே உடலுக்கு மேல் என்று மருத்துவர்களும் கூறுகின்றனர். பழச்சாற்றின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையோடு சேர்த்தே உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கணக்கிட்டது. ஆனால் வீட்டில் தண்ணீர் என்றால் வெளியிலும் தண்ணீராக இருக்க வேண்டும். தன் நாவை அடக்குவது பேணுதல். பிறர் நாவை அடக்கிவிட்டு அதைத் தன் பேணுதல் என்று சொல்லிக் கொள்வது தன்னையே ஏமாற்றிக் கொள்வதாகும்.

இன்னும் இருவர் பங்கு இருக்கிறது. ஒருவர் வீட்டில் வேலை செய்யும் பெண். நமக்குக் கெட்டியான சர்பத், அவளுக்குத் தண்ணீர் கலந்த அடிக்குவளை என்று ஊற்றுகிறோமே, நாம் உண்பதிலிருந்தே ஊழியருக்கும் உண்ணக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தா நாம்? மற்றவர் தள்ளுவண்டிக்காரர். பெரிய கடையில் வாய் திறவாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, வெயிலில் நிற்பவரிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அந்த ஐந்து ரூபாய் அவருடைய பிள்ளையின் பங்காக இருக்கலாம்.

கடைசியாக, மிஞ்சிய காசு எங்கே போகிறது? கடனை அடைக்கவோ பிள்ளையின் படிப்புக்கோ போனால் நலம். அதில் ஒரு பங்கு அண்டை வீட்டு நோன்பாளியின் குவளைக்குப் போனால் இன்னும் நலம். நோன்பு திறக்க வைப்பவருக்கு அந்த நோன்பாளியின் கூலியைப் போன்ற கூலி உண்டு. அதற்கு மாதுளைச் சாறுதான் வேண்டும் என்பதில்லை. ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் போதும்.

இன்று மாலை குவளைகளை நிரப்பும்போது ஒரு கணம் நிதானிப்போம். எந்தக் குவளை குறைகிறது என்று பார்ப்போம். குறைவது நம்முடையதாக இருந்தால் கவலையில்லை.

வீண்விரயத்தை விட்டும் கஞ்சத்தனத்தை விட்டும் நம்மைக் காத்து, நம் உணவிலும் பானத்திலும் அல்லாஹுத்தஆலா பரக்கத் செய்வானாக! ஆமீன்.