விளையாட்டாய்ச் சொன்ன சொல்

நன்னூல் கற்ற மாணவர் தகுதி வழக்கு மூன்றனையும் அறிவர். அவற்றுள் இடக்கரடக்கல் என்பது, அவையில் கூறத் தகாததை மறைத்து வேறு சொல்லால் கூறுதல். கேட்போர் செவி கூசாதிருக்க எழுந்த நெறி அது. மனிதரை இழிவாகச் சுட்டும் சொற்களையும் இந்நெறியில் அடக்கி, நாலுபேர் முன்னிலையில் சொல்லாதிருந்தால் போதும் என அமைதி கொள்வோர் பலர். இங்கேதான் பிழை நேர்கிறது. இடக்கரடக்கலில் மறைக்கப்படுவது நாணத்தக்க பொருள். இங்கே சுட்டப்படுவதோ மனிதர். மனிதர் எப்போது நாணத்தக்க பொருளாயினர்?

மலேசியத் தமிழர் இவ்வினாவை 2011-ஆம் ஆண்டில் எதிர்கொண்டனர். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாயிற்று. அதில் இந்தியரைக் குறிக்க வந்த 'பரியா' என்னும் சாதிச்சொல் பெருங்கொதிப்பை விளைத்தது. அவ்வாண்டின் இறுதியில் நூலை மீட்டுக்கொள்ள அரசு முடிவு செய்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தெருநாயைச் சுட்டவும் வழங்கும் சொல் அது. வகுப்பறையில் ஒரு சிறுவன்மேல் எறியப்பட்டால் அவன் என் செய்வான்?

ஆயினும், அன்று எழுந்த குரல்களுள் ஒன்று ஆராயத்தக்கது. இங்கு வந்த தமிழர் அனைவரும் அச்சாதியினர் அல்லர் என்பதே அது. வரலாற்றளவில் அது மெய். ஆனால் அதனையே மானக்குரலாக எழுப்பும்போது பழிச்சொல் அழிவதில்லை. அது எங்களுக்குரியதன்று, அவர்களுக்குரியது என முகவரி மட்டும் மாற்றப்படுகிறது. அச்சமூகத்துப் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கக் கூடும் என்பதை அக்குரல் எண்ணிற்றா?

பறை என்னும் இசைக்கருவியின் பெயரடியாகப் பிறந்த சொல், ஆங்கிலத்துக்குச் சென்று 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருள் பெற்றது. புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார், சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாகப் பறையனை வைத்து எண்ணுகிறார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்கே 'பறையன்' எனப் பெயர் சூட்டினார். இழித்தவர் வாயில் வசையாய் இருந்ததை இழிக்கப்பட்டவர் கொடியாக ஏந்தினார். மறுபுறம், காந்தியடிகள் அன்போடு பரப்பிய 'அரிசன்' என்ற பெயரை, அதற்குரியோருள் பலர் ஏற்க மறுத்தனர். எங்களைக் கேட்டா சூட்டினீர் என்பது அவர்தம் வினா. ஆகவே, ஆகும் சொல் இவை, ஆகாச் சொல் இவை எனப் பட்டியலிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்பது பொருந்தாது. சுற்றறிக்கைகள் அவ்வேலையைச் செவ்வனே செய்யும், நெஞ்சைத்தான் தொடுவதில்லை.

விளையாட்டாய்ச் சொன்னேன் என்பது பலரும் கூறும் சமாதானம். சினத்தில் வைபவன் எதிரே நிற்பவனை நோக்கி வைகிறான். சினம் தணிந்தபின் வருந்தவும் கூடும். விளையாட்டாய்ச் சொல்பவனோ, அங்கே இல்லாத ஒரு கூட்டத்தாரை இழிவின் அளவுகோலாக எடுத்துத் தன் நண்பனை அளக்கிறான். நண்பனும் சேர்ந்து சிரிக்கிறான். அக்கூட்டத்தார்மேல் இருவருக்கும் பகையில்லை. அவர்களைப் பற்றிய எண்ணமே இல்லை. அவ்வெண்ணமின்மைதான் கொடிது, பகையையேனும் பேசித் தீர்க்கலாம். பள்ளித் திடலில் 'செவிடா', 'நொண்டி' எனக் கூவுதலும் இவ்வகையே. 'கெலிங்' என்று பிறர் சொன்னால் கொதித்தெழும் தமிழர் வீட்டில், அண்டை இனத்தாருக்கு வழங்கும் பெயர் என்ன? பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் வளர்கின்றனர்.

திடலில் அத்தகைய சொல் காதில் விழுந்தால் அதட்டும் ஆசிரியர் உண்டு. கேளாதார்போல் நடந்து போவாரும் உண்டு. அச்சொல்லின் பொருள் என்ன என்று மாணவனைக் கேட்பவர் சிலரே. கேட்டால், பெரும்பாலும் அவன் விடை தெரியாது விழிப்பான். அங்கிருந்தே அந்த 335-ஆம் பாடலைத் தொடங்கலாம். ஒரு பாடவேளை போதும்.