பொய் ரசனை

எனக்குச் சங்கீத ஞானம் சொற்பம். புதுச்சேரியில் நண்பர் வீட்டு மாடியில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்க உட்கார்ந்தது வெறும் மரியாதைக்காகத்தான். 'மனி' என்ற பாட்டு வந்தது. கச்சேரிப் பழக்கமுள்ள நண்பரின் தகப்பனார் தொடையில் தட்டிப் பார்த்து, "மூன்றும் நாலும் ஏழு. அட, மிச்ர சாபு!" என்றார். நடுவில் கிட்டார் தனியாகக் கிளம்பும் இடத்தில் ஏழு நாலாகிவிட, பெரியவர் கை திகைத்து நின்றது. அந்தத் திகைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "கணக்குப் போட்டு வருவது ரசனையா? தானாக அல்லவா பிடிக்க வேண்டும்?" என்றார்.

எனக்கு எதுவும் தானாகப் பிடித்ததில்லை, காப்பி உட்பட.

இந்த ஊர் அரவிந்தர் ஆசிரமத்தில் 1964 வரை இருந்தவர் ஸ்ரீ சின்மய். பிறகு நியூயார்க்கில் அவரிடம் சிஷ்யரான கிட்டார் வித்வான் ஜான் மெக்லாஃப்லினுக்கு 'மஹாவிஷ்ணு' என்று பெயர் சூட்டினார். 1971இல் பிறந்த அவருடைய வாத்தியக் குழுவுக்கும் அதே பெயர். ஊர்ப் பாசத்தால் அந்த இசைத்தட்டைக் கேட்டேன். ஒரே இரைச்சல். நண்பரிடம் மட்டும், "பிரமாதம்!" என்றேன்.

பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே மறுபடி மறுபடி கேட்டேன். ஒரு நாள் தட்டு முடிந்து அறை நிசப்தமான பிறகுதான், தாளம் எண்ணவே மறந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எடுத்து மறுபடி வைத்தேன்.

நண்பரிடம் இதை எப்படிச் சொல்வது? அவரைப் பொறுத்தவரை எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டதே!