உயிர்களுக்காக நடத்தலும் அறமே



கொல்லாமையே நம் தலையாய விரதம். எறும்பை மிதியாது நடக்கவும், நீரை வடித்துப் பருகவும், இரவுணவை நீக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். ஆயினும், காட்டையும் மலையையும் காக்க மக்கள் திரண்டு அமைதியாக வீதியில் நடக்கும்போது, "ஊர்வலம் நமக்கு ஏற்றதன்று, நாம் இல்லத்திலிருந்து நோன்பு நோற்போம்" என்று ஒதுங்குவோரும் நம்மிடையே உளர். இது தகுமா என்று சிந்திப்போம்.

தீவினை மூவகையால் வந்து சேரும் என்பர் ஆசாரியர். தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. முதலிரண்டையும் எளிதில் விலக்கிவிடுகிறோம். மூன்றாவதே நம்மை அறியாமற் பற்றுவது. வகுப்பறையில் ஒரு சிறுவன் அடிபட்டால், அடித்தவனை மட்டுமா ஆசிரியராகிய நாம் கேட்டோம்? அருகிருந்தும் வாய்திறவாதவனையும் கேட்டோம் அல்லவா? தடுக்கக்கூடிய தீங்கைக் கண்டும் வாளாவிருத்தல் உடன்பாட்டிற்கு மிக அண்மையில் நிற்பது.

இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியர், பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதைத்தல், தீயை வளர்த்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை இல்லறத்தார் நீக்க வேண்டிய குற்றங்களுள் வைத்தார். மண்ணும் நீரும் மரமும் ஓரறிவுயிர்கள் என்பது நம் கொள்கை. ஒரு மலையை அகழ்ந்தால் ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக எத்தனை உயிர்கள் மடியும்!

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டியை நம்மில் பலர் அறிவர். அங்குள்ள கழிஞ்சமலையில் நம் முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உள. தீர்த்தங்கரர் திருவுருவமும், அச்சணந்தி முனிவர் பெயர் தாங்கிய வட்டெழுத்தும் உள. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு முதலியனவும் அக்குன்றுகளில் வாழ்கின்றன. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 நவம்பரில், அவ்வூரையும் உள்ளடக்கிய 2,000 எக்டேருக்கும் மிகுந்த நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊர்மக்கள் ஓய்ந்திருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்தனர். அதே மாதம் 23 அன்று அவ்வேலத்தை மைய அரசு நீக்கியது.

நம் முனிவர் உறைந்த மலையை, உழவரும் ஆடு மேய்ப்பவரும் மகளிரும் நடந்தே காத்தனர். அவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அந்நடையைப் பிறர் செயல் என்று கருதலாமா? தேர்த்திருவிழாவில் அறம் விளங்க வீதியில் நடக்கின்றோமே. அவ்வறம் காக்கும் உயிர்களுக்காக நடத்தலும் அறம் விளக்கலே ஆகும். புவி வெம்மையைத் தணிக்க வேண்டி 2019 செப்டம்பரில் பல நாடுகளிலும் பள்ளிப் பிள்ளைகள் திரண்டு நடந்தனர். அவர்களுடன் நடக்க முதியோர்க்கு நாணம் எதற்கு?

எனினும் சாவகர் நடைக்கு இலக்கணம் உண்டு. முதலாவது, சினம் தவிர்த்தல். எதிர்நிலையில் நிற்போரிடம் நடுவுநிலை பேண வேண்டும் என்பது நம் பாவனைகளுள் ஒன்று. அவர்களும் உயிர்களே, வசைச்சொல்லும் இம்சையே. இரண்டாவது, நிலம் நோக்கி நடத்தல். சென்ற வழியில் நெகிழிக் குப்பையை விட்டுவருதல் கூடாது. மூன்றாவது, மிகுபொருள் விரும்பாமை. அகழப்படும் உலோகமும் எரிக்கப்படும் நிலக்கரியும் யாருடைய தேவைக்காக? நம் தேவைக்கும் அன்றோ? வீதியில் மலையைக் காக்க நடந்து, வீட்டில் வேண்டாத பொருளைக் குவிப்போமாயின் அந்நடை பாதியே பயன் தரும்.

ஆகவே அன்பர்களே, நம் ஊரில் ஏரியோ குன்றோ காடோ அழியும் நிலை வருமாயின், அமைதியாகக் கூடும் மக்களோடு நாமும் சேர்வோம். நடக்க இயலாதோர் நடப்போர்க்கு நீர் அளிக்கலாம், விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம். வாய்பேசா உயிர்களுக்கு நம் கால்களும் நாவும் துணையாகுக!

எவ்வுயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக!