தடுத்தால் மட்டும் போதுமா?



டிசம்பர் மாதக் கடைசி ஜும்ஆ வந்தால் இந்த மிம்பரில் ஒரே பயான்தான்: "ஆங்கிலப் புத்தாண்டு நம்முடைய பெருநாள் அல்ல, அன்று இரவு பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்." ஆனாலும் 31-ஆம் தேதி நள்ளிரவில் எட்டயபுரம் சாலையில் பைக்கில் பறப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் "கூடாது" என்று சொன்னதோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

சிங்கப்பூர் தீவில் 1970-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டின்போது பட்டாசு வெடித்ததில் 6 பேர் உயிரிழந்தார்கள். 1972-இல் அரசு பட்டாசை முழுவதுமாகத் தடை செய்தது. பண்டிகையின் கலகலப்பே போய்விட்டதே என்று மக்கள் வருந்தினார்கள். 1973-இல் மக்கள் கழகம் முன்னின்று, ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் பார்க் வரை 'சிங்கே' என்ற ஊர்வலத்தை வீதியில் நடத்தியது. சில ஆண்டுகளில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அதில் சேர்ந்தார்கள். இன்றும் அது நடக்கிறது.

அதில் நாம் கலந்துகொள்ளலாமா என்ற சட்டத்தைப் பேச வரவில்லை. ஒரு படிப்பினையை மட்டும் பாருங்கள்: தீங்கான மகிழ்ச்சியை எடுத்தவர்கள், அந்த இடத்தைக் காலியாக விடவில்லை.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அம்மக்களுக்கு விளையாடி மகிழ இரண்டு நாட்கள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு பெருநாட்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்று அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. பழையதை மாற்றினார்கள், மகிழ்ச்சியையே பறிக்கவில்லை. ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டுக் காட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை நபியவர்கள் கூடவே நின்று பார்க்கச் செய்தார்கள். இது புகாரியில் வருகிறது.

"ஈமான் உள்ளவனுக்கு ஹராம் என்ற ஒரு சொல் போதாதா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஸஹாபாக்களைவிடவா நம் பிள்ளைகள் ஈமானில் உறுதியானவர்கள்? அவர்களுக்கே பதிலாக ஒன்று கொடுக்கப்பட்டதே!

நம் கரிசல் சம்சாரிக்கு இது தெரியும். களையை வெட்டிவிட்டு விதைக்காமல் நிலத்தைப் போட்டு வைத்தால், சீமைக் கருவேலம்தான் மண்டும்.

நம் பெருநாளைப் பாருங்கள். காலையில் தொழுகை, மதியம் பிரியாணி, அசருக்குள் பிள்ளை மூலையில் செல்போனோடு. அவன் மகிழ்ச்சிக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? வரும் பெருநாள் மாலையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவோம். பெண்கள் கூடி மகிழத் தனி இடம் ஒதுக்குவோம். பக்கத்துத் தெருச் சகோதரர்கள் எந்த மதமானாலும் அழைத்து விருந்து வைப்போம். யாருடைய பாதைக்கும் தூக்கத்துக்கும் இடையூறு இல்லாமல் இதைச் செய்வோம். இது ஜமாஅத்துக்கு மட்டுமல்ல, இத்தனை வருடம் தடுப்பதை மட்டுமே பேசிய எனக்கும் சேர்த்துத்தான்.

தீமையைத் தடுப்பதோடு, நன்மையை அந்த இடத்தில் நடுபவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.