கடல் தாண்டுகிறது உன் கைவேலை. நீ ஓசூர் தாண்டத் தயங்கலாமா?

தங்கையே!

நீ தைத்த ஷூ ஜெர்மனிக்குப் போகிறது, இத்தாலிக்குப் போகிறது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதமாகும் தோல், உன் விரல் பட்டு, உன் தையல் பட்டு, பெட்டிக்குள் அடங்கிக் கப்பலேறுகிறது. அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வண்டி ஏறுகிறாயே, அந்த உழைப்புக்கு எந்த நாட்டு எல்லையும் தடை போட்டதில்லை.

ஆனால் நீ? பெங்களூர் விமான நிலையத்துக்கு ஒரு வாடகைக் கார் பேச வேண்டும் என்றால் கையைப் பிசைகிறாய்!

நம் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு நடப்பதைத்தான் சொல்கிறேன். நர்சிங் படித்த பெண்ணுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. டிக்கெட் பெங்களூரிலிருந்து. உடனே வீட்டில் என்ன பேச்சு? “மாமாவைக் கூப்பிடு, அவர் பேசட்டும். சித்தப்பா பையனுக்குத் தெரிஞ்ச டிரைவர் இருக்கான், அவன் பாத்துக்குவான்.” மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு படித்துத் தேறியவள், கடல் கடந்து முன்பின் தெரியாதவர்களின் உயிரைக் காக்கப் போகிறவள், தன்னைக் கொண்டுபோய் விடும் காரை யாராவது பேசித் தரட்டும் என்று மூலையில் நிற்கிறாள். கடைசியில் என்ன வண்டி, என்ன வாடகை, யார் டிரைவர் என்று எதுவுமே தெரியாமல் ஏறி உட்காருகிறாள்.

போதும் தங்கையே! இந்தப் பழக்கம் உன் தலைமுறையோடு ஒழியட்டும்.

பயம் எங்கே இருக்கிறது?

நீ கோழை அல்ல. கோழையாக இருந்தால் ஊசி ஓடும் வேகத்துக்கு ஈடாக விரலை நகர்த்தி நாளெல்லாம் மிஷினில் உட்கார முடியுமா? உன் பயம் தூரத்தைப் பார்த்து வந்ததல்ல, கர்நாடகத்தைப் பார்த்து வந்ததும் அல்ல. விவரம் தெரியாததால் வந்த பயம் அது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் சிரிப்பார்களோ என்ற மூன்றும் சேர்ந்துதான் உன் வாயைக் கட்டிப் போட்டிருக்கின்றன.

ஒருநாள் காட்பாடி ஜங்ஷனில் போய் நின்று பார். வங்காளத்திலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, அசாமிலிருந்து, வங்கதேசத்திலிருந்தும்கூட வந்து இறங்குகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற குடும்பங்கள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு கையில் ஃபைல், மறு கையில் பை, தோளில் சாய்ந்தபடி நோயாளி. அந்தக் கோலத்தில் நிற்கும் ஒரு பெண் ஆட்டோக்காரரிடம் விரலை நீட்டி வாடகை பேசுகிறாள். அதிகம் என்றால் தலையை ஆட்டி மறுக்கிறாள், அடுத்த வண்டிக்குப் போகிறாள். மொழி தெரியாத ஊரில் அவளால் முடிகிறது. உன் மாவட்டத்தில், உன் மொழியில், உன் கையிலிருக்கும் போனில் உன்னால் முடியாதா?

இந்த மண்ணின் சாலைகளில் பெண்கள் பயணம் போவதும் புதிதல்ல. அந்த சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டுவண்டியிலும் பிறகு ஒரு சின்ன பெஜோ காரிலும் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அன்றைக்குச் சாலையும் சரியில்லை, போனும் இல்லை, பெண் மருத்துவர் என்றாலே அதிசயம். அந்தச் சாலைகள் இன்றைக்கு உன் வீட்டு வாசலிலிருந்து அகலமான நெடுஞ்சாலையில் போய்ச் சேருகின்றன. பள்ளிகொண்டாவில் ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெங்களூர் வரை தேசிய நெடுஞ்சாலை 48 நீண்டு கிடக்கிறது. பாதை தயார். தயாராக வேண்டியது நீ.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

கார் பேசுவது பெரிய வித்தை இல்லை. சரியான கேள்விகளைக் கேட்டால் போதும். போனை எடு. கூச்சத்தைத் தூக்கி எறி. தெளிவாகப் பேசு:

“அண்ணா, வண்டி டி போர்டா, ஓன் போர்டா?”

“டி போர்டுதாம்மா.”

“ஆல் இந்தியா பெர்மிட் இருக்குங்களா? கர்நாடகா போகணும்.”

“இருக்கும்மா.”

“ஒன் வே டிராப்தான். திரும்பி வர்ற கிலோமீட்டரையும் சேர்த்து வாங்குவீங்களா, போறதுக்கு மட்டுமா? டிரைவர் பேட்டா எவ்வளவு? டோல், பெர்மிட் உங்க கணக்கா, எங்க கணக்கா?”

அவ்வளவுதான்! இதைக் கேட்டு முடித்ததுமே எதிர்முனையில் குரல் மாறுவதை நீயே உணர்வாய். “இந்தப் பொண்ணுக்கு விவரம் தெரியும்” என்று அவருக்குப் புரிந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் விளையாடும் துணிச்சல் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வராது.

முதல் கேள்வி ஏன் முக்கியம் தெரியுமா? டி போர்டு என்றால் வாடகை வண்டி, ஓன் போர்டு என்றால் சொந்த வண்டி. வெள்ளைப் பலகை மாட்டிய சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும் என்கிறது. மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் கடுமையாக்கியது. அபராதம் அவர்கள் பாடு என்று விட்டுவிடாதே. வழியில் விபத்து என்றால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகைப் பயணத்துக்குச் செல்லாது என்று கம்பெனி கைவிரிக்கலாம். எல்லையில் நிறுத்தினால் தவறிப் போவது உன் பிளைட்தான். அதனால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கிறதா என்று பார். மின்சார வாடகை வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். “நம்ம பையன் வண்டிதான், 500 ரூபாய் கம்மி” என்று எவர் சொன்னாலும் அசையாதே. 500 ரூபாயை மிச்சம் பிடித்து உயிரைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

இரண்டாவது கேள்வி பெர்மிட். முன்பெல்லாம் டாக்சிகள் ஒவ்வொரு மாநில எல்லையிலும் நின்று வரி கட்டிவிட்டுத்தான் நகர வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு அகில இந்திய பெர்மிட்டை ஆன்லைனிலேயே வாங்கும் முறை வந்தது. 2023-ல் அந்த விதிகள் புதிதாக எழுதப்பட்டன. அந்த பெர்மிட் இல்லாத வண்டி, போகிற மாநிலத்துக்குத் தற்காலிக பெர்மிட்டும் வரியும் கட்டித்தான் நுழைய வேண்டும். அந்தப் பணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடு. ஜுஜுவாடி தாண்டி, கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டிய பிறகு கேட்டால், உன் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

வழியையும் கேள். ஓசூர் வழி என்றால் ஒரே எல்லை. பேரணாம்பட்டு மலை ஏறி வி.கோட்டா வழியாகப் போனால் முதலில் ஆந்திரா, அப்புறம் கர்நாடகா என்று இரண்டு எல்லை. எந்த வழி என்பது நீயும் டிரைவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதால் உனக்கு அதில் வாயில்லை என்று ஆகிவிடாது.

கணக்கை நீயே போடு

அணைக்கட்டிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள். 3,600 ரூபாய். பேட்டா 500 என்றால் 4,100. வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, கடைசியில் விமான நிலையச் சாலை என்று வழியில் வரும் டோல் தனி. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசு. மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். வண்டி போய்ச் சேர்ந்ததும் “ரிட்டர்ன் காலியாத்தானே போகணும், அதையும் சேர்த்துக் குடுங்க” என்று யாராவது ஆரம்பித்தால், அந்த மெசேஜை எடுத்துக் காட்டு. குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது.

நேரத்தையும் பின்னாலிருந்து எண்ணு. விடியற்காலை 3 மணிக்கு வெளிநாட்டு பிளைட் என்றால், 12 மணிக்கு நீ விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டு. மாலை 5.30-க்கு உன் தெருவை விட்டு வண்டி கிளம்பியாக வேண்டும். “ஏழு மணிக்குக் கிளம்பினா போதும், நான் பறந்துருவேன்” என்கிற டிரைவருக்கு உன் பதில் ஒன்றே: “பறக்க வேண்டியது நான். நீங்க நிதானமா ஓட்டுங்கண்ணா, அஞ்சரைக்கு வந்துருங்க.” எந்த டெர்மினல் என்பதையும் டிக்கெட்டில் பார்த்து முன்பே சொல்லிவிடு. 2023 செப்டம்பரிலிருந்து பெங்களூரின் வெளிநாட்டு பிளைட்டுகள் இரண்டாம் டெர்மினலிலிருந்துதான் கிளம்புகின்றன.

உன் கண்ணை நம்பு

செக்கிங் டேபிளில் நீ என்ன செய்கிறாய் என்று நினைத்துப் பார். ஒரு ஜோடியைக் கையில் எடுக்கிறாய். விளக்கு வெளிச்சத்தில் திருப்புகிறாய். அப்பரில் ஒரு தையல் தளர்ந்திருந்தாலும், இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒரு பிசிறு மாறினாலும், உன் விரல் அங்கே நின்றுவிடுகிறது. “இது போகாது” என்று எடுத்து ஒதுக்குகிறாய். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றாலும், ஆர்டர் அவசரம் என்றாலும், தவறு தவறுதான் என்று சொல்லும் அந்தக் கண் உன்னுடையது!

அதே கண்ணோடு வாசலில் வந்து நிற்கும் காரைப் பார். சொன்ன நம்பர்தானா? டயர் தேய்ந்திருக்கிறதா? பின்சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா? நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். நம்பர் பலகையைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பு. லைவ் லொகேஷனைப் போட்டுவிடு. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, ஆபத்து என்றால் 112. இரண்டு எண்களும் உன் போனில் இருக்கட்டும். இதையெல்லாம் டிரைவர் எதிரிலேயே செய். நல்ல டிரைவர் தப்பாக நினைக்க மாட்டார், அவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். முகம் சுளிக்கிறாரா? அந்த வண்டியில் ஏறாதே. ஷூவுக்குச் சொன்ன அதே சொல்லை இங்கேயும் சொல்: “இது போகாது.”

பேசும் முறையிலும் கவனம் இருக்கட்டும். உறுதி வேறு, திமிர் வேறு. ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஸ்டீயரிங் பிடிப்பவர் நம்மைப்போல் உழைப்பாளிதான். வழியில் அவரும் சாப்பிட்டாரா என்று கேள். கண் சொக்கினால் நிறுத்தி டீ குடிக்கச் சொல். பேசிய தொகையைப் பேசியபடி கொடு. உனக்கு மரியாதை வேண்டும் என்றால் அவருக்கும் அது வேண்டும்.

உறவு சொல்லும் சாக்கு

“பொம்பளப் புள்ள, தனியா எப்படி?” என்பார்கள். அந்தக் கேள்வியில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. பதிலைப் பாசத்தோடே சொல்: “தனியாப் போகலப்பா, விவரத்தோட போறேன்.” எந்த வண்டி, என்ன நம்பர், எந்த வழி, எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று தாளில் எழுதி அப்பா கையில் கொடு. நீ சொன்ன நேரத்துக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு போன் போட்டால், அவர் பயம் பாதி அங்கேயே கரைந்துவிடும். நீ தேவனஹள்ளியில் இறங்கி நின்று கூப்பிடும்போது, “எம் பொண்ணே வண்டி பேசிப் போயிட்டா” என்று தெருவெல்லாம் சொல்லப் போகிறவரும் அவரே!

தங்கையே, நீ தைத்த ஷூவை எந்தத் துறைமுகத்திலாவது “நீ யார் வீட்டுப் பெண் தைத்தது?” என்று கேட்டு நிறுத்தினார்களா? இல்லை. தையல் சரியாக இருந்தது, தாள்கள் சரியாக இருந்தன, போய்விட்டது. உனக்கும் அதே நியாயம்தான். உன் தாள்களைச் சரியாக வை. உன் கேள்விகளைச் சரியாகக் கேள். அதற்கு மேல் உன்னை மறிக்க எந்த எல்லைக்கும் உரிமையில்லை.

பயணம் வரும்வரை காத்திருக்காதே. இன்றைக்கே மூன்று டாக்சிக்காரர்களைக் கூப்பிட்டு விலை விசாரி. திருப்பதிக்குக் கேள், பெங்களூருக்குக் கேள். விசாரிப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முதல் போனில் குரல் நடுங்கும். இரண்டாவதில் நிமிரும். மூன்றாவதில் நீ பேரம் பேசுவாய்! அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக அடுத்த வண்டியை நீயே பேசு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு டிக்கெட் வந்தால், அவளுக்காக நீ பேசிக் கொடுக்காதே. அவளைப் பக்கத்தில் உட்கார வை, போனை அவள் கையில் கொடு, அவளையே பேச வை!